பாவசங்கீர்த்தனத்துக்கு எங்கே போகலாம்? சனிக்கிழமைக் கூண்டு, தவக்காலக் கூட்டு வழிபாடு, திருத்தல வரிசை: ஒரு மதிப்பீடு

பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தை எந்த இடத்தில் செய்தாலும் கிடைக்கிற மன்னிப்பு ஒன்றுதான். அதற்கான அதிகாரம் பெற்ற குரு கை நீட்டிப் பாவப்பொறுத்தல் சொன்னால், அது ஓலைக் கொட்டகையோ பேராலயமோ, கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைப்படி ஒரே அருட்சாதனம், அதாவது இறையருள் தரும் ஒரே சடங்கு. ஆகவே இங்கே மதிப்பிடுவது மன்னிப்பை அல்ல, அதைக் கொடுக்கச் செய்திருக்கும் ஏற்பாட்டை. ஆளுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது, பேசுவது அடுத்தவர் காதில் விழுமா, முகத்தை மறைத்துக்கொள்ள வழி உண்டா, அடுத்த மாதமும் அதே சாமியாரிடம் போக முடியுமா என்பவைதான் கேள்விகள். இவை சரியாக அமையாத இடத்தில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டு ஆள் எழுந்துவிடுகிறார். பிறகு பல வருஷம் அந்தப் பக்கமே போவதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மாதம் ஒருமுறை போகிறவருக்குச் சொந்தப் பங்கிலோ (ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் ஊர்ச்சபைதான் பங்கு) பக்கத்துப் பங்கிலோ சனிக்கிழமை மாலைதான் எல்லாவற்றிலும் மேல். நெடுநாள் விட்டுப்போனவருக்கு மட்டும் வேறு பதில். அதைத் திருத்தலங்களைப் பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

பல பங்குகளில் சனிக்கிழமை மாலைப் பூசைக்கு அரை மணியோ முக்கால் மணியோ முன்னால் சாமியார், பாவசங்கீர்த்தனம் கேட்பதற்கான மரக்கூண்டில் உட்கார்ந்துவிடுவார். அறிவிப்புப் பலகையில் நேரம் போடாவிட்டால் உபதேசியாரிடம் கேட்டால் சொல்வார். சாதாரண வாரத்தில் வருகிறவர்கள் ஐந்தாறு பேர்தான். அரை மணி நேரத்தில் ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம். நன்றாகத் தயாரித்துக்கொண்டு போகிறவருக்கு அதில் பாதியே போதும். மீதி நேரத்தில் சாமியார் ஒரு கேள்வி கேட்கலாம், ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம். ஞாயிறு காலைப் பூசைக்கு முன்னாலும் சில இடங்களில் கேட்கிறார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூசை மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் பத்துப் பேர் நின்றால் உள்ளே இருப்பவருக்கும் அவசரம், வெளியே நிற்பவருக்கும் அவசரம்.

சனிக்கிழமை ஏற்பாட்டின் பெரிய பலம், அதே குருவிடம் திரும்பத் திரும்பப் போக முடிவது. மூன்றாவது மாதமும் அதே கோபம், அதே குடி, அதே செல்போன் என்று வந்து நின்றால், “இது எந்த நேரத்தில் வருகிறது? அப்போது யார் கூட இருக்கிறீர்கள்?” என்று அவர் கேட்பார். திருச்சபைச் சட்டம் குருவை நீதிபதி என்று மட்டும் சொல்லவில்லை, மருத்துவர் என்றும் சொல்கிறது. மருத்துவருக்குப் பழைய சீட்டு தெரிந்தால்தான் மருந்து சரியாக விழும்.

பலவீனமும் அதிலேயே இருக்கிறது. சின்ன ஊரில் பங்குச்சாமிக்கு எல்லாருடைய குரலும் தெரியும். நேற்று உங்கள் வீட்டில் சாப்பிட்டவரிடம் இன்று தட்டிக்குப் பின்னால் நின்று பேச நாக்கு எழாது. அப்படிப்பட்டவர்கள் கூச்சத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. யாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது என்பது விசுவாசியின் உரிமை என்று சட்டத்தொகுப்பின் 991-ஆம் பிரிவு சொல்கிறது. பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கும் பங்குக்குப் போவது பங்குச்சாமியை அவமதிப்பது ஆகாது. அவரும் வேறொரு குருவிடம் போய்த்தான் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்.

கூண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்பாட்டின் பாதித் தரம் அந்த மரப்பெட்டியில் இருக்கிறது. ஆறாம் ஏழாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள் தனிப்பட்ட பாவசங்கீர்த்தனத்தைப் பரப்புவதற்கு முன்னால், பெரும் பாவங்களுக்குப் பகிரங்கத் தவம்தான் வழி, அதுவும் வாழ்நாளில் ஒரே தடவை. தனிப்பட்ட முறை வந்த பிறகும் நெடுங்காலம் கூண்டு கிடையாது. கோயிலில் எல்லாரும் பார்க்கக் குருவின் பக்கத்திலேயே மண்டியிட்டுச் சொன்னார்கள். 16-ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமேயோதான் குருவுக்கும் மண்டியிடுபவருக்கும் நடுவே தட்டி வைத்த இருக்கையைத் தம் மறைமாவட்டத்தில் கட்டாயமாக்கினார். கோயில் கட்டுமானம் பற்றி 1577-இல் அவர் வெளியிட்ட விதிகளில் அதன் அமைப்பு விவரமாக இருக்கிறது. தொடுகை, பார்வை, வம்புப்பேச்சு மூன்றையும் ஒரு பலகையால் தடுக்கிற ஏற்பாடு அது. இன்றைய சட்டத்தின் 964-ஆம் பிரிவும் நிலையான தட்டி வைத்த கூண்டு, விரும்புகிறவர் தயக்கமின்றிப் பயன்படுத்தும்படி, வெளிப்படையான இடத்தில் எப்போதும் இருக்க வேண்டும் என்கிறது. புதிதாகக் கட்டுகிற கோயில்கள் சிலவற்றில் இரண்டு நாற்காலி போட்ட சிறு அறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முகம் பார்த்துப் பேச விரும்புகிறவர்களுக்கு அது நல்லதுதான். தட்டி இல்லை என்றால் அது குறையே.

பார்க்க வேண்டியவை சில. வரிசையின் முதல் ஆள் கூண்டிலிருந்து குறைந்தது பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். பல கோயில்களில் இதற்குக் கோடோ நாற்காலியோ இல்லை, அடுத்தவர் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறார். கூண்டின் கதவும் திரையும் கண்ணை மறைக்குமே ஒழியச் சத்தத்தை மறைக்காது. காது மந்தமான பெரியவர்களும் வயதான சாமியார்களும் தங்களை அறியாமலே உரக்கப் பேசுவார்கள். சனிக்கிழமை மாலையில் பாடற்குழு ஒத்திகை நடந்தால் அது தொந்தரவு போலத் தோன்றும். உண்மையில் அந்த ஆர்மோனியச் சத்தம் பெரிய உதவி. கேட்டுவிட்டவர்களுக்கும் கடமை உண்டு: தற்செயலாகக் காதில் விழுந்ததையும் வெளியே சொல்லக்கூடாது என்று 983-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. கண்காணிப்புக் கேமரா வைக்கிற பங்குகள் அது கூண்டுப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் பேசுவதைக் கருவியால் பதிவு செய்வது 2021-இல் திருத்திய தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாகவே இருக்கிறது. செல்போனை அணைத்துவிட்டு உள்ளே போவதுதான் இரு தரப்புக்கும் மரியாதை.

உள்ளே நடப்பது சிக்கலானதல்ல. சிலுவை அடையாளம் போட்டு, “என்னை ஆசீர்வதியும் சாமி, பாவியாயிருக்கிறேன்” என்று தொடங்கி, கடைசியாகச் செய்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று சொல்ல வேண்டும். பாவங்களைச் சொல்லி முடித்ததும், “இவற்றுக்காகவும் மறந்துபோன பாவங்களுக்காகவும் மனம் வருந்துகிறேன்” என்றால் முடிந்தது என்று சாமியாருக்குப் புரியும். அவர் புத்தி சொல்வார், அபராதம், அதாவது பரிகாரமாகச் செய்ய வேண்டியதைக் கொடுப்பார், பாவத்துக்காக வருந்தும் ஜெபமான மனஸ்தாப மந்திரம் சொல்லச் சொல்வார். பிறகு கையை நீட்டிப் பாவப்பொறுத்தல் மந்திரத்தைச் சொல்வார். “தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உம் பாவங்களிலிருந்து உம்மை விடுவிக்கிறேன்” என்பதுதான் அதன் உயிர்நாடி. அதற்கு “ஆமென்” சொன்ன பிறகே எழ வேண்டும். பதற்றத்தில் மனஸ்தாப மந்திரம் முடிந்ததும் எழுந்து ஓடிவிடுகிறவர்கள் உண்டு, சிறு பிள்ளைகள் குறிப்பாக. மந்திரம் மறந்துபோனால் சொந்த வார்த்தையில் சொன்னாலும் போதும்.

பழைய ஞானோபதேசம் என்ற மறைக்கல்விப் பாடம் இதற்கு ஐந்து காரியம் வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வைத்தது: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்லுதல், அபராதம் தீர்த்தல். கூண்டுக்குள் நடப்பது இதில் நான்காவது மட்டுமே. முதல் மூன்றும் வீட்டிலோ பெஞ்சிலோ முடிந்திருக்க வேண்டும். திருப்தி இல்லாமல் திரும்புகிறவர்களில் பலர், நான் பார்த்தவரை, வரிசையில் நிற்கும்போதுதான் யோசிக்கவே தொடங்குகிறார்கள். பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதன்பின் குடும்பம், வேலை, பணம், உடல் என்று வாழ்க்கையின் பக்கங்களைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் செலவிட்டால் போதும். மறதிக்காரர்கள் துண்டுச் சீட்டில் எழுதலாம். சொல்லி முடித்ததும் கிழித்துப்போட வேண்டும். செல்போன் குறிப்பில் எழுதி வைப்பது அவ்வளவு நல்லதல்ல, அது அழியாமல் கிடக்கும்.

சொல்லும் விதத்தில்தான் எல்லாரும் தடுமாறுகிறோம். சாவான பாவங்களை, அதாவது தெரிந்தும் மனமொத்தும் செய்த கனமான பாவங்களை, இன்னது, எத்தனை தடவை என்று சொல்ல வேண்டும் என்பது ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் 1551-இல் வகுத்தது, இன்றும் 988-ஆம் பிரிவாக இருக்கிறது. கணக்கு சரியாக நினைவில்லை என்றால், “வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஆறு மாதமாக” என்று ஏறக்குறையச் சொன்னால் ஏற்கப்படும். நடைமுறையில் காதில் விழுவது வேறு மாதிரி. “வீட்டுல ஒரே சண்டை சாமி. மாமியாரு சும்மா இருக்க மாட்டாங்க. அன்னைக்குப் பாருங்க, குழம்பு வச்சுட்டு இருக்கேன், அவங்க வந்து…” ஐந்து நிமிடம் கழித்து மாமியாரின் பாவங்கள் எல்லாம் வெளியே வந்திருக்கும், சொல்கிறவருடையது ஒன்றும் வந்திருக்காது. அதையே, “மாமியாரைப் பிள்ளைகள் முன்னால் மூன்று தடவை கேவலமாகப் பேசினேன்” என்றால் ஒரு வரி. பிள்ளைகள் முன்னால் என்பது முக்கியம், அது துர்மாதிரிகையும், அதாவது கெட்ட முன்மாதிரியும் ஆகிறது. எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு: “நிறையப் பாவம் செஞ்சிருக்கேன் சாமி, எல்லாத்தையும் மன்னிச்சிருங்க” என்பார்கள். குருவால் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. என்ன நோய் என்று சொல்லாமல் மருந்து கேட்பது அது.

மறந்து விடுபட்ட பாவம் மன்னிப்பில் அடங்கிவிடும். நினைவு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும். வெட்கத்தில் வேண்டுமென்றே ஒரு சாவான பாவத்தை மறைத்தால் முழுப் பாவசங்கீர்த்தனமும் செல்லாது. மறைத்ததைப் பிறகு சொல்லும்போது, “அன்று மறைத்தேன்” என்பதையும், அன்றும் அதன் பின்னும் செய்த பாவசங்கீர்த்தனங்களில் சொன்ன சாவான பாவங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது பயமுறுத்துவது போலக் கேட்கும். ஆனால், “சாமி, ஒன்றை மறைத்துவிட்டேன், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை” என்று ஒரே வரியில் தொடங்கினால் மீதியை அவரே கேள்வி கேட்டு எடுத்துவிடுவார். பத்து வருஷச் சுமை இரண்டு நிமிடத்தில் இறங்கும்.

குருவின் தரப்பிலும் எல்லை உண்டு, அது தெரிந்திருப்பது நல்லது. பாவத்தில் கூட்டாளியாக இருந்தவர் பெயரை அவர் கேட்கக்கூடாது. பாலியல் பாவங்களில் தேவைக்கு மேல் விவரம் கேட்பது முறையல்ல. “அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லையே சாமி” என்று தாராளமாகச் சொல்லலாம். பேச்சு அசிங்கமான பக்கம் திரும்பினால் எழுந்து வந்துவிட வேண்டும், ஆயரிடம் புகார் செய்ய வேண்டும். பாவசங்கீர்த்தனத்தைச் சாக்கிட்டுத் தவறுக்கு அழைப்பது திருச்சபைச் சட்டத்தில் கடுமையான குற்றம். தன்னோடு கற்புக்கு எதிரான பாவம் செய்தவருக்கு அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரம் எந்தக் குருவுக்கும் கிடையாது, சாவு ஆபத்தில் தவிர. கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற ரகசிய முத்திரையை நேரடியாக உடைக்கிற குரு அந்த நொடியே திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் ஆகிறார், அந்தத் தண்டனையை நீக்குவது உரோமையின் திருப்பீடத்துக்கே உரியது. ஊரில் என்ன வம்பு நடந்தாலும் இந்த ஒன்றில் திருச்சபை இளகியதில்லை. கூண்டுக்கு வெளியே, சொன்னவரிடமே கூட, அவர் சம்மதம் இல்லாமல் குரு அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.

தவக்காலத்துக் கூட்டு வழிபாட்டுக்கு வருவோம். 1973-இல் வெளியான புதிய சடங்கு முறையில், ஒருவர் தனியாகச் செய்வது முதல் வடிவம், இது இரண்டாவது வடிவம். எல்லாரும் சேர்ந்து பாடி, வாசகம் கேட்டு, ஒருவர் வழிநடத்த ஆத்தும சோதனை செய்து, பிறகு தனித்தனியாகக் குருக்களிடம் போய்ப் பாவப்பொறுத்தல் பெற்று, மீண்டும் கூடி நன்றி சொல்வது. தனியாகத் தயாரிக்கத் தெரியாதவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கேள்விகளை மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு நிமிடம் விட்டு வாசிக்கிற பங்குகளில் முதல் பாதி மிக அருமையாக இருக்கும். அவசரமாக வாசித்து முடிக்கிற இடத்தில் அதனால் பயனில்லை.

சிக்கல் இரண்டாம் பாதியில் வருகிறது. இருநூறு பேர், சுற்றுப் பங்குகளிலிருந்து அழைத்த எட்டுச் சாமியார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தாலே ஐம்பது நிமிடம். நாற்காலிகள் பக்கச் சுவரோரம் திறந்தவெளியில் இருக்கும், தட்டி இருக்காது. எந்தச் சாமியார் சீக்கிரம் விடுகிறார் என்று கவனித்து வரிசை மாறுகிறவர்களும் உண்டு. வழக்கமாகப் போகிறவருக்கு இது போதும். பெரிய விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியவர் இங்கே சுருக்கமாகச் சொல்லிப் பாவப்பொறுத்தல் பெற்றுக்கொண்டு, “இதைப் பற்றிப் பேச ஒரு நாள் வரட்டுமா?” என்று நேரம் கேட்பது நல்லது.

இதைப் பொதுப் பாவப்பொறுத்தலோடு குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். தனித்தனியாகச் சொல்லாமலே கூட்டத்துக்கு மொத்தமாகப் பாவப்பொறுத்தல் கொடுப்பது மூன்றாவது வடிவம். சாவு ஆபத்திலோ, தங்கள் குற்றமின்றி மக்கள் நீண்ட காலம் அருட்சாதனம் கிடைக்காமல் இருக்க நேரும் கனத்த அவசியத்திலோதான் அதற்கு இடம் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா உச்சத்தில் இருந்தபோது உரோமையின் பாவமன்னிப்புத் தீர்ப்பாயம் அத்தகைய சூழல்களைச் சுட்டிக்காட்டிக் குறிப்பு வெளியிட்டது. அப்படிப் பெற்றவரும் சாவான பாவங்களை, வாய்ப்புக் கிடைத்தவுடன் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய திருவிழாவில் கூட்டம் அதிகம் என்பது மட்டும் காரணமாகாது என்று 961-ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது.

அப்படிப்பட்ட கூட்டம்தான் திருத்தலங்களில். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கிச் செப்டம்பர் 8 வரை, தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு ஆகஸ்ட் 5-ஐ ஒட்டி, இலங்கையில் மடுவுக்கு ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வருகிற மக்களுக்குக் குருக்கள் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் போதாது. பாதயாத்திரையாக வந்தவர் காலில் கொப்புளத்தோடு வரிசையில் நிற்கிறார். பின்னால் இருபது பேர் மூச்சுவிடுகிறார்கள். உள்ளே தெரியாத குரு, தெரியாத குரல். அந்த அலுப்பிலும் மக்கள் அழுதுகொண்டு எழுவதைப் பார்க்கலாம், அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஏற்பாடு என்று பார்த்தால், திருவிழா வாரம் ஆலோசனைக்கான இடமல்ல. இன்னது, எத்தனை தடவை, மனம் வருந்துகிறேன் என்று சொல்லிப் பாவப்பொறுத்தல் பெறுவதற்கான இடம். அப்படி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் இராது.

நெடுநாள் விட்டுப்போனவருக்கு நான் சொல்லும் வழி அதே திருத்தலம்தான், திருவிழா இல்லாத நாளில். பத்து, இருபது வருஷம் போகாதவருக்குச் சொந்தப் பங்கின் கூண்டு மலைபோலத் தெரியும். திருத்தலத்தில் அவரை யாருக்கும் தெரியாது. அங்கிருக்கும் குருக்களுக்கு இப்படி வருகிறவர்களைக் கேட்டுப் பழக்கம். செவ்வாய், புதன் போன்ற நாளில் காலைப் பூசை முடிந்து அலுவலகத்தில் கேட்டால் கூப்பிட்டுவிடுவார்கள். “இருபது வருஷமாச்சு சாமி, எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை” என்பதே போதிய தொடக்கம். 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் வருஷத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும் என்று விதித்தது. அதைத் தவறவிட்டதும் சொல்ல வேண்டியதில் ஒன்று. அதற்காகக் கதவு மூடிவிடாது.

தியான இல்லங்கள் இன்னொரு வழி. மூன்று நாளோ ஐந்து நாளோ தங்கிச் செய்யும் தியானத்தில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து பேச முடியும். வாழ்க்கை முழுவதையும் சேர்த்துச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு அதுவே தகுந்த இடம். புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளின் முதல் வாரத்தை முடித்த பிறகு அதைச் செய்யச் சொல்கிறார். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும். பாவசங்கீர்த்தனத்துக்கு எங்கேயும் காசு கிடையாது, காணிக்கையும் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்கக்கூடாது.

ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறவர்கள் உண்டு. சொன்னதையே மறுபடி மறுபடி சொல்லி, பாவப்பொறுத்தல் பெற்ற மறுநாளே, “சரியாகச் சொன்னேனா?” என்று இன்னொரு கோயிலுக்கு ஓடுகிறவர்களுக்குத் திருத்தலமும் வேண்டாம், தியான இல்லமும் வேண்டாம். ஒரே குருவைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்வதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது புனித அல்போன்ஸ் லிகோரி முதலானோர் காலங்காலமாகச் சொன்ன மருந்து. கூடவே மனநல மருத்துவரையும் பார்ப்பது நல்லது, இது விசுவாசக் குறைவு அல்ல.

தயாரிப்புக்கு உதவும் செல்போன் செயலிகளும் இப்போது பல. 2011-இல் அமெரிக்காவில் இப்படி ஒரு செயலி ஆயரின் அனுமதி முத்திரையோடு வந்தபோது, ஐபோனில் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று செய்தி கிளம்பியது. வத்திக்கான் பேச்சாளர் ஃபெதெரிகோ லொம்பார்தி உடனே மறுத்தார். ஆத்தும சோதனைக்கு உதவட்டும், அருட்சாதனத்துக்குக் குருவின் முன்னால் நேரில் போக வேண்டும் என்பதுதான் நிலை. வாட்சாப், காணொளி, தொலைபேசி எதற்கும் இதே பதில். தமிழருக்கு அச்சில் இந்த உதவி மிகப் பழையது. முத்துக்குளித்துறை மக்களுக்காக அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளார் 1580-இல் கொச்சியில் அச்சிட்ட ‘கொம்பெசியொனாயரு’ பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூல்தான். தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்று இதற்காக வந்தது என்றால், தேவை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்!

“இவ்வளவு எதற்கு? கடவுளிடம் நேராகச் சொன்னால் போதாதா?” என்று சிஎஸ்ஐ, லுத்தரன் நண்பர்கள் கேட்பார்கள். அவர்கள் ஆராதனையிலும் பொதுப் பாவ அறிக்கை உண்டு. லுத்தரன் சபையின் 1530-ஆம் ஆண்டு அவுக்ஸ்பூர்க் விசுவாச அறிக்கையும் தனிப்பட்ட பாவமன்னிப்பை வைத்துக்கொள்ள வேண்டும் என்றே சொல்கிறது. கிரேக்க, இரஷ்ய ஆர்த்தடாக்ஸ் கோயில்களில் திரை இல்லாமல் திருவுருவத்தின் முன் நின்று சொல்கிறார்கள், குரு தன் கழுத்துப்பட்டையை அவர்கள் தலைமேல் வைத்து ஜெபிக்கிறார். கத்தோலிக்கப் பதிலுக்கு ஆதாரம் யோவான் 20:23: உயிர்த்த இயேசு சீடர்மேல் ஊதி, மன்னிக்கும் அதிகாரத்தை அவர்கள் கையில் கொடுக்கிறார். நேராகச் சொல்வதை அது தள்ளிவிடவில்லை. கடவுளை எல்லாவற்றுக்கும் மேலாக நேசிப்பதால் வரும் உத்தம மனஸ்தாபம், வாய்ப்புக் கிடைத்ததும் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியோடு சேர்ந்தால், சாவான பாவத்தையும் போக்கும். 2020 மார்ச் 20 அன்று, கோயில்கள் மூடியிருந்தபோது, திருத்தந்தை பிரான்சிஸ் இதைத்தான் மக்களுக்கு நினைவூட்டினார்.

அபராதம் பெரும்பாலும் மூன்று பரலோக மந்திரம், மூன்று அருள் நிறைந்த மந்திரம், அல்லது செபமாலையில் ஒரு பத்து. அன்றே, கோயிலை விட்டுப் போகுமுன் சொல்லிவிடுவது நல்லது. என்ன கொடுத்தார் என்று காதில் விழாவிட்டால் எழுமுன் கேளுங்கள். செய்ய முடியாத அபராதம் கொடுத்தால் மாற்றிக் கேட்கலாம். கனமானது அதற்கு அப்பால்: ஈடு செய்தல். பாவப்பொறுத்தல் கடனை ரத்து செய்யாது. சீட்டுப் பணத்தை எடுத்தவர் திருப்பித்தர வேண்டும், வரப்பைத் தள்ளிப்போட்டவர் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், அவதூறு பரப்பியவர் பரப்பிய இடத்திலேயே திருத்திச் சொல்ல வேண்டும். கிலோவுக்கு 50 கிராம் எடை குறைத்தவர் நாளுக்கு 40 கிலோ விற்றிருந்தால், நாளுக்கு 2 கிலோ பிறர் சொத்து அவர் கையில். வாங்கியவர்களைக் கண்டுபிடிக்க முடியாதென்றால் அந்தத் தொகை ஏழைகளுக்குப் போக வேண்டும். மொத்தமாக முடியாவிட்டால் தவணையாகக் கொடுக்கலாம். பேரைக் காட்டிக்கொள்ளாமல் அனுப்பலாம், குருவின் வழியாகவும் சேர்ப்பிக்கலாம். இந்த இடத்தில் கறாராகப் பேசுகிற சாமியாரைக் குறை சொல்லாதீர்கள். மெத்தனமாக விடுகிறவரைவிட அவரே நல்ல மருத்துவர்.

நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து கேட்பார்கள். முதல் வெள்ளியில் நற்கருணை கொண்டுவரும் பங்குகளில் முதல் நாளே சொல்லி வைத்தால் போதும். சாவு ஆபத்தில் எந்தக் குருவும், பணியிலிருந்து விலகியவரும் கூட, பாவப்பொறுத்தல் கொடுக்கலாம். வீட்டார் செய்யும் தவறு, கடைசி மூச்சு வரை காத்திருந்து கூப்பிடுவது. பேசும் நிலை இருக்கும்போதே கூப்பிட்டால்தான் அவரால் தன் வாயால் சொல்ல முடியும். பேச்சே வராதவரிடம் ஆம், இல்லை என்று தலையசைப்பாலும் கைச்சாடையாலும் கேட்டுக்கொள்வார்கள். சாமியார் வந்ததும் டிவியை நிறுத்திவிட்டு, உறவினர் எல்லாரும் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். உதவிக்கு என்று மகளோ மருமகளோ உள்ளேயே நின்றால் பெரியவர் எதையும் சொல்லமாட்டார்.